குணத்துக்கு மார்க் போடலாமா?
வாசகர் கேள்வி – பதில்

திறன் அடிப்படையிலான கல்வி, அதாவது ஒப்பிக்கத் தெரிகிறதா என்பதை விடச் செய்யத் தெரிகிறதா என்று பார்க்கும் கல்வி பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்தன. பாடத்தைப் பற்றிக் கேட்டவர்களை விட, பிள்ளைகளின் ஒழுக்கம், நடத்தை, மனசாட்சி பற்றிக் கேட்டவர்கள்தான் அதிகம். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் மகள் சிபிஎஸ்இ பள்ளியில் ஆறாம் வகுப்பு. இந்த முறை வந்த ரிப்போர்ட் கார்டில் அவளே தன்னைப் பற்றி நிரப்பிய பக்கம் ஒன்று, கூடப் படிக்கும் பிள்ளை அவளைப் பற்றி நிரப்பிய பக்கம் ஒன்று. 'மற்றவர் சொல்வதைக் கேட்கிறாள்' என்ற இடத்தில் அவளுடைய நெருங்கிய தோழியே 'இல்லை' என்று போட்டிருக்கிறாள். வீட்டில் ஒரே அழுகை. இது எதற்கு? நல்லதுதானா? – *ஒரு தாய், தஞ்சாவூர்*

பதில்: உங்கள் கையில் இருப்பது முழுமை முன்னேற்ற அட்டை. 2020 தேசியக் கல்விக் கொள்கை பேசிய யோசனை இது. என்சிஇஆர்டிக்குள் 2023-ல் தொடங்கப்பட்ட 'பராக்' என்ற மதிப்பீட்டு அமைப்பு இதற்கு வடிவம் கொடுத்தது. மதிப்பெண் மட்டும் ஒரு பிள்ளையைச் சொல்லிவிடாது, ஆசிரியரோடு பிள்ளையும் தோழர்களும் பெற்றோரும் சேர்ந்து பார்க்கட்டும் என்பது எண்ணம். எண்ணத்தில் எனக்குக் குறை தெரியவில்லை.

பாடத்தில் இந்த வழி நன்றாகவே வேலை செய்யும். பின்னம் என்றால் என்ன என்று ஒப்பிப்பதை விட, முக்கால் லிட்டர் பாலை நாலு டம்ளரில் சமமாகப் பிரிக்கத் தெரிகிறதா என்று பார்ப்பது மேல். சிபிஎஸ்இ 2024-25 முதல் பிளஸ் ஒன், பிளஸ் டூ வினாத்தாள்களிலும் பாதியை இந்த மாதிரி கேள்விகளுக்கு ஒதுக்கிவிட்டது. இன்றைக்குப் பிரிக்கத் தெரியாத பிள்ளைக்கு அடுத்த வாரம் தெரிந்துவிடும், தெரிந்தது நோட்டில் தெரியும், சண்டைக்கு இடமில்லை. அதே அளவுகோலை அப்படியே தூக்கி 'மற்றவர் சொல்வதைக் கேட்கிறாள்' என்பதன் மேல் வைக்கும்போதுதான் சிக்கல், ஏனென்றால் அந்த 'இல்லை'க்குப் பின்னால் அன்று காலை நடந்த ஒரு பென்சில் சண்டைகூட இருக்கலாம்.

ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் வேலையைப் பார்த்துக் கருத்துச் சொல்வது நல்ல பழக்கம். 'நீ வரைந்த மேப்பில் திசை போடவில்லை' என்று பதினொரு வயதுப் பிள்ளை தாராளமாகச் சொல்லலாம். 'நீ இப்படிப்பட்டவள்' என்று எழுதி, அது அச்சாகி, அப்பா கையெழுத்துப் போட வீட்டுக்கு வருவது வேறு சங்கதி. பள்ளிக்குப் போய் அந்த 'இல்லை'யை மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள், தோழியின் அம்மாவுக்கும் போன் செய்யாதீர்கள். அந்தப் பக்கம் ஏதோ ஒரு குழுச் செயல்பாட்டை ஒட்டித்தான் நிரப்பப்பட்டிருக்கும். எந்தச் செயல்பாடு, அன்று என்ன நடந்தது என்று மட்டும் வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். மகளிடமும் அதையே கேளுங்கள், கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவள் சொல்லச் சொல்ல அவளுக்கே பாதி விளங்கும்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். எங்கள் காலத்தில் வாரம் ஒரு நீதிபோதனை வகுப்பு இருந்தது. இப்போது எல்லாமே திறன், திறன் என்கிறார்கள், ஒழுக்கத்தைக் காணோம். அதையும் ஒரு பாடமாக்கித் தேர்வு வைத்து மதிப்பெண் கொடுத்தால்தானே பிள்ளைகளும் ஆசிரியர்களும் மதிப்பார்கள்? – *மதுரை வாசகர்*

பதில்: ஐயா, உங்கள் ஆதங்கம் நியாயமானது. மார்க் இல்லாத எதையும் நம் பள்ளிகள் மதிப்பதில்லை என்பதும் உண்மை. நீதிபோதனை பீரியடை கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிப் போன கதை உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் மார்க் போட்டுப் பார்த்தாயிற்று. என்ன ஆனது என்று சொல்கிறேன்.

சிபிஎஸ்இ 2009-ல் 'தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு' என்று கொண்டுவந்தது, சிசிஇ என்றால் எல்லாருக்கும் தெரியும். அதில் வாழ்க்கைத் திறன்களுக்கு கிரேடு, ஆசிரியர்களிடம் எப்படி நடந்துகொள்கிறான் என்பதற்கு கிரேடு, சக மாணவர்களிடம் எப்படி என்பதற்கு கிரேடு, விழுமியங்களுக்கும் கிரேடு. ஒவ்வொன்றின் கீழும் வரிசையாகக் குறிப்புகள், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொன்றையும் ஆசிரியர் நிரப்ப வேண்டும். நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் இது என்ன ஆகும்? டெர்ம் முடிவில் ஓரிரு சாயங்காலம் உட்கார்ந்து ஞாபகத்தில் இருப்பதை வைத்து நிரப்புவார்கள். நல்லா படிக்கிற பிள்ளைக்கு 'பரிவு – ஏ', துறுதுறுவென்று இருக்கிற பிள்ளைக்கு 'பரிவு – பி'. மதிய வேளையில் சாப்பாடு கொண்டுவராத பையனுக்குத் தன் டப்பாவைத் திறந்து வைத்தவன் அந்த 'பி' வாங்கியவனாகவே இருந்திருப்பான், அது எந்தக் கட்டத்திலும் ஏறியிருக்காது.

அப்புறம் 2013 தேர்விலிருந்து சில ஆண்டுகளுக்கு 'விழுமியம் சார்ந்த கேள்விகள்' வந்தன. இயற்பியல், வேதியியல், கணக்குத் தாள்களிலேயே மூன்று முதல் ஐந்து மதிப்பெண். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு உடம்பு சரியில்லை, ஒரு மாணவன் அவரை எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போகிறான், அவனிடம் நீ காணும் இரண்டு நற்பண்புகள் யாவை, இந்த மாதிரி. என்ன எழுத வேண்டும் என்று டியூஷன் சென்டர்கள் ஒரு பட்டியலே கொடுத்துவிட்டன: அக்கறை, உதவும் மனப்பான்மை, சமூக விழிப்புணர்வு, அறிவியல் மனப்பான்மை. கேள்வியைப் படிக்காமலே இதை எழுதினால் மார்க். நற்பண்பு என்பது பரீட்சையில் சுலபமாகக் கிடைக்கிற மார்க் என்பதைத்தான் பிள்ளைகள் அதிலிருந்து கற்றுக்கொண்டார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனது கனக்கிறது.

இது நம் ஊர்க் கோளாறு மட்டுமல்ல. 1920-களில் அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரு ஆய்வாளர்கள் 8 முதல் 16 வயது வரையுள்ள சுமார் 11,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். விடைத்தாளை அவர்களிடமே கொடுத்துத் திருத்தச் சொல்வது, விளையாட்டில் தன் ஸ்கோரைத் தானே எழுதச் சொல்வது, காசு இருக்கும் பெட்டியைக் கையில் கொடுப்பது என்று யாரும் பார்க்காதது போன்ற சந்தர்ப்பங்களை உருவாக்கினார்கள். எது சரி, எது தவறு என்று நன்றாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் ஏமாற்றாமல் இருப்பார்கள் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. ஒரு இடத்தில் நேர்மையாக இருந்த பிள்ளை இன்னொரு இடத்தில் ஏமாற்றியது. ஆசிரியரும் பிள்ளைகளும் இணக்கமாக, ஒருவருக்கொருவர் உதவியாக இருந்த வகுப்புகளில் ஏமாற்றுவது குறைவு என்பதையும் அவர்கள் கண்டார்கள். எனக்கு இந்தக் கடைசிச் செய்திதான் முக்கியம். நேர்மை பிள்ளைக்குள் மட்டும் இல்லை, அந்த வகுப்பறைக்குள்ளும் இருக்கிறது. நீங்கள் தலைமையாசிரியராக இருந்தபோது ஒரு பிள்ளை பயமில்லாமல் 'சார், நான்தான் உடைச்சேன்' என்று உங்கள் அறைக்கு வந்து சொல்லியிருந்தால், நீதிபோதனை அந்த இடத்தில் நடந்துவிட்டது. அதற்கு எந்தத் தேர்வும் ஈடாகாது.

கேள்வி: அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை நான். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறோம். பலன் இருக்கிறது. ஆனால் சண்டை வந்தால் 'போடா, நீ அரும்புதானே' என்று ஒருவனை ஒருவன் சொல்கிறான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்! என்ன செய்ய? – *தருமபுரி மாவட்டம்*

பதில்: வந்த கடிதங்களிலேயே இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

முதலில் திட்டத்தின் பக்கம் நின்று ஒரு வார்த்தை. கொரோனாவில் பள்ளியே பார்க்காமல் போன பிள்ளைகளுக்காக 2022 ஜூனில் தொடங்கியது இது, 2025-க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாரும் பிழையில்லாமல் படிக்க, எழுத, அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்ற இலக்கோடு. எழுத்தே தெரியாத பிள்ளையை மூன்றாம் வகுப்புப் புத்தகத்தின் முன்னால் உட்கார வைத்துப் பாடத்தை முடிப்பதுதான் பெரிய அநியாயம். நிலை பிரித்துச் சொல்லிக்கொடுப்பது அந்த அநியாயத்தைச் சரி செய்கிறது. அதனால் பிரிப்பதை விட்டுவிடாதீர்கள்.

ஆனால் எவ்வளவு மென்மையான பெயர் வைத்தாலும் எது மேலே, எது கீழே என்று பிள்ளைகள் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் நிலையின் பெயர் உங்கள் பதிவேட்டிலும் செயலியிலும் இருக்கட்டும், வாயில் வர வேண்டாம். 'அரும்பெல்லாம் இங்க வாங்க' என்பதற்குப் பதில் 'எழுத்து அட்டை வச்சிருக்கவங்க இங்க, கதை படிக்கிறவங்க அங்க' என்று வேலையைச் சொல்லிக் கூப்பிடுங்கள். தமிழில் அரும்பாக இருக்கிறவன் கணக்கில் மலராக இருப்பான், அந்த மாற்றம் வகுப்புக்கே தெரிகிற மாதிரி இடம் மாறி உட்கார வையுங்கள். பாட்டு, விளையாட்டு, காலை உணவு வரிசை, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாவற்றிலும் எல்லாரும் கலந்திருக்க வேண்டும், இதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றல் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஆந்திராவின் ரிஷி பள்ளத்தாக்கு கிராமப் பள்ளிகளின் அட்டை முறையிலிருந்து வந்தது. அதில் ஆசிரியர் உதவியோடு படிக்கும் குழு இருந்தது போல, தோழர் உதவியோடு படிக்கும் குழுவும் இருந்தது. பாயில் வட்டமாக உட்கார்ந்து, முந்தின படியைத் தாண்டிய பிள்ளை அடுத்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும். அந்த ஏற்பாட்டில் முன்னால் போனவனுக்குப் பின்னால் இருப்பவனிடம் ஒரு வேலை இருந்தது. உங்கள் வகுப்பில் கேலி செய்கிற அந்தப் பையனிடமே தினம் பத்து நிமிஷம் ஒரு பிள்ளையை ஒப்படைத்துப் பாருங்கள். 'ட'வுக்கும் 'ப'வுக்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுக்க அவன் படும் பாட்டில், கேலி தானாகக் குறையும்.

இன்னொன்று, இது உங்களைப் பற்றி அல்ல, எல்லா ஆசிரியர்களுக்கும். பார்வைக்கு அதிகாரி வரும்போது பிள்ளையின் தலைக்கு மேலேயே 'இவன் அரும்பு சார், ஒண்ணும் ஏறாது' என்று சொல்கிறோம் இல்லையா, பிள்ளைகள் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்வது அங்கிருந்துதான்.

கேள்வி: 1330 குறளையும் ஒப்புவிக்கும் மாணவர்களுக்குப் பரிசு தருகிறார்களே, அதனால் ஒழுக்கம் வளருமா? – *நாமக்கல்*

பதில்: நினைவாற்றல் வளரும், தமிழ் வளரும், இரண்டும் நல்லதே. குறள் நெஞ்சில் இருந்தால் நாற்பது வயதில் ஏதோ ஓர் இரவில் அது எழுந்து வந்து கையைப் பிடிக்கலாம், அதனால் மனப்பாடத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பதின்மூன்று வயதில் ஒப்புவித்ததை ஒழுக்கத்துக்கான சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அவ்வளவுதான்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். பிராக்டிகல் ரெக்கார்டை சீனியர் நோட்டைப் பார்த்துத்தான் எல்லாரும் எழுதுகிறோம். போன வருஷம் ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் எனக்கு 9.4 வந்தது, புத்தகத்தில் இருக்கிற 9.8 வருகிற மாதிரி ரீடிங்கை மாற்றச் சொன்னார்கள். ப்ராஜெக்டை ஏஐ எழுதுகிறது. நான் மட்டும் உண்மையாக இருந்தால் எனக்குத்தானே மார்க் குறையும்? – *கோவை மாணவர்*

பதில்: தம்பி, குறையலாம். ஒன்றோ இரண்டோ. அதை மறைத்து உனக்கு உபதேசம் செய்ய எனக்கு விருப்பமில்லை.

உன் கேள்வியில் இருக்கிற 9.4-ஐப் பற்றி முதலில் பேசுவோம். நூலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காமல் மேல் விளிம்போடு நிறுத்தியிருந்தால் விடை குறையும். ஊசலை அகலமாக வீசி ஆட்டியிருந்தால் அலைவு நேரம் கூடி, விடை இன்னும் குறையும். ஸ்டாப்வாட்சை அழுத்தும் விரல் தாமதித்திருந்தாலும் மாறும். இவற்றில் எது உன் 9.4-க்குக் காரணம் என்று கண்டுபிடித்து நாலு வரி எழுதினாய் என்றால், திறன் அடிப்படையிலான கல்வி என்று இவ்வளவு பேசுகிறோமே, அது அந்த நாலு வரிதான். ரீடிங்கை மாற்றச் சொன்னவர் உன்னிடமிருந்து நேர்மையோடு சேர்த்து இயற்பியலையும் பறித்துவிட்டார். 9.4-க்கு மார்க் குறைத்து, திருத்திய 9.8-க்கு முழு மார்க் கொடுக்கும் ஒரு ஆய்வகம் பொய் சொல்வதைப் பாடமாக நடத்துகிறது என்பதை ஆசிரியர்கள் யோசிக்க வேண்டும். மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் பாடங்களில் செய்முறைக்கு 20, அக மதிப்பீட்டுக்கு 10 என்று கொடுப்பதே பிள்ளைகள் கையால் செய்து கற்கட்டும் என்றுதான்.

இனி என்ன செய்யலாம்? உண்மையான ரீடிங்கை ரஃப் நோட்டில் அப்படியே வை. அடுத்த முறை மாற்றச் சொன்னால், 'சார், எனக்கு இப்படித்தான் வந்தது, காரணம் இதுவாக இருக்கும், எழுதலாமா' என்று கேள். இப்படிக் கேட்டால் ஒத்துக்கொள்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், யாரும் கேட்பதில்லை என்பதால் அவர்களும் சும்மா இருக்கிறார்கள். ஏஐயிடம் கேட்பது தப்பில்லை, கேட்டதை எழுதி வை: இந்தப் பகுதி அதில் எடுத்தது, இந்தப் பகுதி நான் செய்தது என்று. தனியாக நிற்காதே. உன் மாதிரி உறுத்தலோடு இருக்கிற இன்னும் இரண்டு பேர் அதே வகுப்பில் இருப்பார்கள். மூன்று பேர் ரெக்கார்டில் உண்மையான ரீடிங் இருந்தால், நாலாவது ஆளுக்கு தைரியம் தன்னால் வரும்.

கேள்வி: ஒழுக்கம், நற்சிந்தனை என்று சொல்லி யார் யாரையோ பள்ளி மேடையில் ஏற்றுகிறார்கள். யாருடைய ஒழுக்கத்தை என் பிள்ளைக்குச் சொல்லித் தருகிறார்கள் என்பதே பயமாக இருக்கிறது. – *ஒரு தந்தை, சென்னை*

பதில்: உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2024-ல் சென்னை அசோக் நகர் அரசுப் பெண்கள் பள்ளியில் தன்னம்பிக்கைப் பேச்சு என்ற பெயரில் வந்த ஒருவர், உடற்குறையோடு பிறப்பதற்கு முன்பிறவிப் பாவம்தான் காரணம் என்ற ரீதியில் பேசினார். பார்வைத் திறன் குறைந்த தமிழாசிரியர் ஒருவர் அத்தனை பிள்ளைகளுக்கும் நடுவில் எழுந்து அவரைக் கேள்வி கேட்டார். அன்று அந்த மாணவிகளுக்கு ஒழுக்கம் கற்பித்தவர் மேடையில் இருந்தவர் அல்ல.

யாருடைய ஒழுக்கம் என்ற கேள்விக்குச் சட்டத்திலேயே பதில் உண்டு. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, பாடத்திட்டம் அரசியலமைப்பின் விழுமியங்களுக்கு இசைவாக இருக்க வேண்டும், பிள்ளை பயமும் பதற்றமும் இல்லாமல் கற்க வேண்டும் என்கிறது. சமத்துவமும் சகோதரத்துவமும்தான் பள்ளியின் ஒழுக்கம். எந்த மதத்துக் குடும்பத்திலிருந்து வந்தாலும் இதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது.

திறன், திறன் என்று மட்டும் பேசுகிறவர்களுக்கும் இதில் சொல்ல ஒன்று இருக்கிறது. குழுவாகச் செயல்படுவது, தலைமை ஏற்பது, பேசிச் சம்மதிக்க வைப்பது எல்லாம் திறன் பட்டியலில் இருப்பவை. இவை அத்தனையும் ஒரு சாதிக் கும்பலுக்கும் உதவும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் பள்ளி மாணவர்கள். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-ல் தந்த அறிக்கையில், வண்ணக் கயிறு கட்டத் தடை, பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதிப் பெயரை நீக்குவது, அகர வரிசைப்படி உட்கார வைப்பது போன்றவற்றைச் சொன்னது. கயிறும் பெயர்ப் பலகையும் பெஞ்சும்! சின்ன விஷயம் என்று சிலர் சொன்னார்கள். யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதில்தான் ஒரு பிள்ளையின் நியாய உணர்வு தொடங்குகிறது என்று நான் நம்புகிறேன், அதனால் எனக்கு அவை பெரிய விஷயங்கள்.

கேள்வி: பி.எட். படிக்கிறேன். கிரேடு வேண்டாம், தேர்வு வேண்டாம் என்றால், பிள்ளையின் நற்குணம் வளர்கிறதா என்று ஆசிரியர் எப்படித்தான் தெரிந்துகொள்வது? வேறு நாடுகளில் என்ன செய்கிறார்கள்? – *திருநெல்வேலி*

பதில்: ஜப்பானைப் பாருங்கள். ஒட்சு நகரில் 2011-ல் சக மாணவர்களின் கொடுமை தாங்காமல் ஒரு பதிமூன்று வயது மாணவன் உயிரை விட்டான். நாடே அதிர்ந்தது, 2013-ல் தனிச் சட்டம் வந்தது, அதைத் தொடர்ந்து அறநெறியைத் தொடக்கப் பள்ளிகளில் 2018-லும் நடுநிலைப் பள்ளிகளில் 2019-லும் முறையான பாடமாக்கினார்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 35 வகுப்பு, பாடப்புத்தகமும் உண்டு. ஆனால் மதிப்பெண் கிடையாது. ஒவ்வொரு பிள்ளையும் எப்படி வளர்ந்தது என்று ஆசிரியர் வாக்கியமாக எழுத வேண்டும், இன்னொரு பிள்ளையோடு ஒப்பிடக் கூடாது, மேல்படிப்புச் சேர்க்கைக்கு அதைப் பயன்படுத்தவும் கூடாது. அங்கேயும் பாடநூல் சொல்வதே சரி என்று ஆகிவிடுமோ என்ற விவாதம் நடந்தது. அந்த விவாதம் நடக்க வேண்டியதுதான். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018-ல் தொடங்கிய மகிழ்ச்சிப் பாடத்திட்டத்திலும் தேர்வு வைக்கவில்லை.

அந்த வாக்கிய முறைதான் எனக்குப் பிடிக்கிறது. நேரம் எங்கே என்று கேட்பீர்கள். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே நாளில் எழுதினால்தான் நேரம் போதாது. வாரத்துக்கு ஐந்து பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு வரி, கண்ணால் பார்த்தது மட்டும். 'பொறுப்பானவள்' என்று எழுதாதீர்கள். 'திங்கள்கிழமை லீடர் இல்லாதபோது தானாகவே போய்ச் சாக்பீஸ் எடுத்து வந்தாள், பேசியவர்கள் பெயரைப் போர்டில் எழுதச் சொன்னதற்கு மாட்டேன் என்றாள்' என்று எழுதுங்கள். நாற்பது பேர் வகுப்பில் எட்டு வாரத்தில் ஒரு சுற்று முடியும், ஒரு வருஷத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலைந்து குறிப்பு சேரும். ஒரு சுற்று முடியும்போது யாரைப் பற்றி எழுத உங்களுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்று பாருங்கள். அந்தப் பிள்ளைகளை நீங்கள் இன்னும் சரியாகக் கவனிக்கவில்லை என்று அர்த்தம், அடுத்த சுற்றை அவர்களிடமிருந்து தொடங்குங்கள். அந்த நோட்டு பெற்றோர் கூட்டத்தில் பேசுவதற்கு, ஆன்லைனில் ஏற்றுவதற்கு அல்ல.